சுங்கவரியும் கட்சிகளும்: சாட்ஸ்வொர்த்தில் ஆறு மாலை வகுப்புகள்

தீபாவளிக்கு மறுநாளான 2025 அக்டோபர் 21 தொடங்கி நவம்பர் 25 வரை, ஆறு செவ்வாய்க்கிழமை மாலைகளில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு சமூக மண்டபத்தில், அமெரிக்கச் சுங்கவரி அந்நாட்டுக் கட்சிகளை எவ்வாறு பிளந்தும் இணைத்தும் வந்திருக்கிறது என்பதைத் தமிழில் விளக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. ஆறு மாலைகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 450 ராண்டு. 72 பக்கக் கையேடும், ஒவ்வொரு மாலையும் தேநீரும் வடையும் அதில் அடங்கும். பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வகுப்பை நடத்தினார். எங்களில் முப்பது பேர் அளவில் தொடர்ந்து வந்தோம். சொந்தப் பணத்தைக் கட்டி ஒரு மாலையும் தவறாமல் சென்றவன் என்ற முறையில், அடுத்த சுற்றில் சேரலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வகுப்புக்கு அப்போது ஏன் தேவை வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 7 முதல் தென்னாப்பிரிக்கப் பொருள்களுக்கு அமெரிக்கா 30 விழுக்காடு வரி விதித்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நம் ஏற்றுமதிகள் பலவற்றுக்கு வரிவிலக்கு அளித்து வந்த அமெரிக்காவின் ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டமும் செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியாகியிருந்தது. துறைமுகத்திலும் பழத்தோட்டங்களிலும் வேலை செய்பவர்களின் வீடுகளில் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அதிபர் டிரம்ப் என்ற ஒரு மனிதரின் குணத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு நாட்டின் வரிக்கொள்கையை அதிபர் ஒருவரின் மனநிலையாக மட்டுமே பார்த்தால் அது எப்போது மாறும், யாரால் மாறும் என்று கணிக்கவே முடியாது. இந்த வகுப்பின் முதல் சிறப்பு, அந்தப் பார்வையிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்ததுதான்.

முதல் மாலை அடிப்படைகளுக்கானது. இறக்குமதி வரியை யார் செலுத்துகிறார் என்ற கேள்வியோடு ஆசிரியர் தொடங்கினார். பாதிப் பேர் ஏற்றுமதி செய்பவர் என்றார்கள். அப்போது, சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞரைப் பார்த்து, "தம்பி, நீங்கள் தினமும் பார்க்கிற வேலைதானே, நீங்களே சொல்லுங்கள்," என்றார் ஆசிரியர். பொருள் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது அங்குள்ள இறக்குமதியாளர்தான் சுங்கத் துறைக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தச் சுமையின் ஒரு பகுதியை விலையாக வாடிக்கையாளர்மீது ஏற்றுவார். இன்னொரு பகுதிக்கு, விலையைக் குறைத்துக் கொடு என்று இங்குள்ள ஏற்றுமதியாளரை நெருக்குவார். அந்த இளைஞர் இதை நான்கே வாக்கியங்களில் விளக்கினார். வரியின் சுமை எங்கே விழுகிறது என்பது புரிந்துவிட்டால், அது எந்த ஊரின் வாக்காளரைக் கோபப்படுத்தும் என்பதும் புரியத் தொடங்குகிறது. அன்று மாலையின் பிற்பகுதியில் 1828-ஆம் ஆண்டின் வரிச்சட்டமும், அதை எதிர்த்துத் தென் கரோலினா மாநிலம் 1832 நவம்பரில் அந்தச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்ததும், துணை அதிபராக இருந்த ஜான் கால்ஹூன் அந்த ஆண்டின் இறுதியில் பதவியைத் துறந்ததும், 1833-இல் ஹென்றி கிளே கொண்டுவந்த சமரச வரியும் வேகமாகச் சொல்லப்பட்டன. இந்தப் பகுதி எனக்கு அவசரமாகத் தோன்றியது. ஓர் அதிபரும் அவருடைய துணை அதிபரும் வரிக்காகப் பகைவர்களான கதை இன்னும் அரை மணி நேரத்திற்குத் தகும்.

இரண்டாம் மாலை, என் கருத்தில், ஆறிலும் மிகச் சிறந்தது. அதன் பொருள் சர்க்கரை. இங்குள்ள தமிழர் யாருக்கும் அது அயலான பொருள் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காகவே அழைத்து வரப்பட்டார்கள். என் பாட்டனாரின் தாயும் வடகரைத் தோட்டம் ஒன்றில் கரும்பு வெட்டியவர்தான். ஆகவே, வாஷிங்டனில் எழுதப்படும் வரிப்பட்டியலில் சர்க்கரைக்கான வரி ஒன்று மாறினால் கடலுக்கு அப்பால் எவ்வளவு மாறும் என்பதை நாங்கள் பாடமாக மட்டும் கேட்கவில்லை.

1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சட்டம் பொதுவாகச் சுங்கவரியை ஏறக்குறைய 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. ஆனால் கச்சாச் சர்க்கரைக்கு மட்டும் வரியை நீக்கி, அதற்கு ஈடாக உள்நாட்டு உற்பத்தியாளருக்கு பவுண்டுக்கு 2 சென்ட் ஊக்கத்தொகை வழங்கியது. அதுவரை வரிவிலக்கோடு அமெரிக்காவுக்குச் சர்க்கரை அனுப்பிவந்த ஹவாய் தன் தனிச்சலுகையை ஒரே நாளில் இழந்தது. 1893-இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதற்கு இந்த நெருக்கடியும் ஒரு பின்னணி. அமெரிக்காவுக்குள்ளோ, சட்டம் நிறைவேறிய அடுத்த மாதமே நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 90-க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. சட்டத்திற்குத் தன் பெயரைத் தந்த மெக்கின்லியும் தோற்றார்.

பிறகு ஜனநாயகக் கட்சியின் முறை வந்தது. வரியைக் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்த குரோவர் கிளீவ்லாந்தின் கட்சி, 1894-இல் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தது. மேலவையான செனட்டில், அவருடைய கட்சியினரே முன்னின்று 600-க்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சேர்த்தார்கள். சர்க்கரைக்கு மீண்டும் 40 விழுக்காடு வரி வந்தது. கட்சித் துரோகம், கட்சிக்கு நேர்ந்த அவமானம் என்று கிளீவ்லாந்து கடிதம் எழுதினார். மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்து இல்லாமலேயே அது சட்டமாயிற்று. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அமெரிக்க வரைபடத்தில் லூயிசியானா மாநிலத்தின்மீது ஒரு கரும்புத் துண்டின் படத்தை ஒட்டினார். அந்தப் படம் ஆறாம் மாலைவரை அங்கேயே இருந்தது. 1913-இல் வுட்ரோ வில்சனின் அண்டர்வுட் சட்டம் சர்க்கரையைப் படிப்படியாக வரியற்றதாக்க முயன்றபோது, செனட்டில் எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் இருவருமே லூயிசியானாவைச் சேர்ந்தவர்கள். 1930-இல் குடியரசுக் கட்சியின் ஸ்மூட்–ஹாலி வரியை ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் ஐவரில் இருவர் மீண்டும் அதே லூயிசியானாவினர். அவர்களில் ஜோசப் ரான்ஸ்டெல் 1913-இல் எதிர்த்து வாக்களித்த அதே மனிதர். பதினேழு ஆண்டுகளில் அதிபர்கள் மாறினார்கள், சபையின் பெரும்பான்மை மாறியது; ரான்ஸ்டெலின் வாக்கோ கரும்பு வயலைவிட்டு நகரவில்லை. அந்த ஸ்மூட்டும் யூட்டா மாநிலத்துச் சர்க்கரைக்கிழங்கு விவசாயிகளின் செனட்டர்தான் என்று ஆசிரியர் சேர்த்துச் சொன்னபோது, எங்கள் வரிசையில் இருந்த வயதான கரும்பு விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, இங்கேயும் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போடாவிட்டால் என் வயல் நிற்காது," என்றார். அவர் சொன்னது உண்மை. உலகச் சந்தை விலை ஓர் அடிப்படை டாலர் விலைக்குக் கீழே இறங்கும்போது, அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் வரி தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. ஆசிரியர் அந்தக் கருத்தை மறுக்காமல் ஏற்று, காப்பு வரி கேட்பவர் எல்லாரும் சுயநலக்காரர் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இத்தகைய நேர்மை இந்த வகுப்பு முழுவதும் இருந்தது.

மூன்றாம் மாலை நவம்பர் 4. அதற்கு முந்தைய வாரத்தில், செவ்வாய், புதன், வியாழன் என மூன்று நாள்கள் தொடர்ந்து அமெரிக்க செனட் அதிபரின் வரிகளுக்கு எதிராக வாக்களித்திருந்தது. பிரேசில் மீதான வரியை நீக்கும் தீர்மானம் 52–48, கனடா மீதானது 50–46, உலக நாடுகள் அனைத்தின் மீதான வரி பற்றியது 51–47 என்று நிறைவேறின. ஆசிரியர் அன்றைக்கு வைத்திருந்த 1909-ஆம் ஆண்டு வரிச்சட்டப் பாடத்தைத் தள்ளிவைத்து, கட்சியை மீறி வாக்களித்த குடியரசுக் கட்சியினரின் பெயர்களை வரைபடத்தில் எழுதினார். கென்டக்கியின் மிச் மெக்கானல், ராண்ட் பால். மெய்னின் சூசன் காலின்ஸ். அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி. பிரேசில் தீர்மானத்தில் மட்டும் வட கரோலினாவின் தாம் டில்லிஸ். கென்டக்கி என்றால் போர்பன் மதுபானம். கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மதுவகைகளைத் தங்கள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. மெய்னும் அலாஸ்காவும் கனடாவின் எல்லையில் இருக்கும் மாநிலங்கள். கரும்புப் படத்திற்குப் பக்கத்தில் ஒரு மதுப்புட்டியின் படம் ஒட்டப்பட்டது. ராண்ட் பாலின் எதிர்ப்பை மதுபானத்தால் மட்டும் விளக்க முடியாது என்பதையும் ஆசிரியர் சொல்லத் தவறவில்லை. வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவரும் வாதம்.

அந்த மாலையில் எழுந்த கேள்விகளில் ஒன்று எனக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. பள்ளி ஆசிரியையாக இருக்கும் இளம்பெண் ஒருவர், கட்சிக்கு எதிராக வாக்களித்த பிறகும் அவர்கள் எப்படிப் பதவியில் நீடிக்கிறார்கள் என்று கேட்டார். நமக்கு இயல்பாக எழும் கேள்வி இது. இங்கே நாடாளுமன்ற உறுப்பினர் கட்சியின் பட்டியல் வழியாக வருகிறார். கட்சி உறுப்பினராக இல்லாமல் போனால் இருக்கையையும் இழக்கிறார். இந்தியாவிலோ கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி பறிபோகும். அமெரிக்காவிலும் கொறடா உண்டு, ஆனால் அவரிடம் அத்தகைய சட்டப் பிடி இல்லை. அங்கே அதற்காக உறுப்பினரைத் தேர்தலில் பதவியிலிருந்து இறக்க வல்லவர்கள் அவருடைய சொந்த ஊர் வாக்காளர்களே; முக்கியமாக, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்பவர்கள். இந்த ஒரு வேறுபாட்டை விளக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட இருபது நிமிடங்கள் வகுப்பின் முழுக் கட்டணத்திற்கும் ஈடு என்பேன். கட்சி ஒற்றுமை என்ற சொல்லே அங்கே வேறு பொருள் தருவதை அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன்.

அதே மாலையில் அவர் விளக்கிய இன்னொன்று, 2025 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நடந்தது. அதிபர் இந்த வரிகளை விதிக்கக் காரணம் காட்டிய அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானம் குறிப்பிட்ட நாள்களுக்குள் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்பது சட்டம். சபைத் தலைமை, அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாள்களை அந்தச் சட்டத்தின் நோக்கத்திற்கு நாள்களாகக் கணக்கிடக் கூடாது என்று ஒரு விதியை 216–214 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. இதனால் செனட்டில் வெளியே தெரிந்த பிளவு பிரதிநிதிகள் சபையில் பதிவாகவே இல்லை. சபையின் நாள்காட்டியையே மாற்றி ஒற்றுமையைக் காக்க முடியும் என்பதை அறிந்தபோது மண்டபத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

தள்ளிப்போன 1909-ஆம் ஆண்டுப் பாடத்தை நான்காம் மாலை எடுத்துக்கொண்டது. வரியைக் குறைப்பதற்கென்றே சிறப்புக் கூட்டத்தொடரை அழைத்த அதிபர் டாஃப்ட், செனட்டர் ஆல்ட்ரிச்சின் கையில் அந்த மசோதா உருமாறி வந்த பிறகும் அதில் கையெழுத்திட்டார். செனட் வாக்கெடுப்பில் லா ஃபாலெட், பெவரிட்ஜ், கம்மின்ஸ் உள்ளிட்ட பத்துக் குடியரசுக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். பெரும்பாலும் விவசாய மாநிலங்களின் பிரதிநிதிகள். அதே ஆண்டு செப்டம்பரில் டாஃப்ட், மினசோட்டாவின் வினோனா நகரத்திற்கே சென்று, குடியரசுக் கட்சி நிறைவேற்றியவற்றுள் மிகச் சிறந்த வரிச்சட்டம் அதுதான் என்று பேசினார். எதிர்த்தவர்களின் சொந்த மண்ணில் நின்று அப்படிப் பேசியது நெருப்பில் நெய் வார்த்ததாயிற்று. 1910-இல் பிரதிநிதிகள் சபை கைவிட்டுப் போயிற்று. 1912-இல் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்து தனிக்கட்சி கண்டார். ஏறக்குறைய 42 விழுக்காடு வாக்குகளோடு வில்சன் அதிபரானார். பிறகு வந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டம், அதை நிறுத்துமாறு 1,028 பொருளியலாளர்கள் கையெழுத்திட்டும் செனட்டில் 44–42 என நிறைவேறியது. ஸ்மூட், ஹாலி இருவருமே 1932-இல் தோற்றார்கள். இவை அனைத்தையும் ஆசிரியர் நன்றாகவே சொன்னார்.

அடுத்து வந்த 1934-ஆம் ஆண்டின் சட்டத்தைத்தான் அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இந்த வகுப்பின்மீது எனக்கிருக்கும் முதன்மையான குறையே இதுதான், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டென்னசியைச் சேர்ந்த கார்டெல் ஹல் முன்னின்று கொண்டுவந்த அந்தச் சட்டம், பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்து வரியைப் பாதிவரை குறைக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு பொருளின் வரியும் செனட்டர்களின் பேரத்தால் தீர்மானிக்கப்பட்டது. உன் கம்பளிக்கு நான் வாக்களிக்கிறேன், என் கரும்புக்கு நீ வாக்களி என்ற ஏற்பாடு. அதன் பின் அந்தப் பேரம் மெல்ல மெல்ல அவையை விட்டு வெளியேறியது. 1962, 1974, 1977 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், நாட்டின் பாதுகாப்பு, நியாயமற்ற வணிகம், அவசரநிலை ஆகிய காரணங்களைக் காட்டி அதிபர் செயல்படுவதற்கான வழிகளை மேலும் திறந்தன. வரியைக் குறைக்க எளிதாகட்டும் என்று கைமாற்றிய அதிகாரமே, பின்னாளில் வரியை உயர்த்தவும் பயன்பட்டது. பிந்தைய இரண்டு மாலைகளையும் புரிந்துகொள்ளத் திறவுகோலான இந்த மாற்றத்திற்கு ஒரு முழு மாலை ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஐந்தாம் மாலை, நவம்பர் 18, இரு கட்சிகளும் இடம் மாறிய கதை. 1993 நவம்பர் 17 அன்று வட அமெரிக்கத் தடையிலா வணிக ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் 234–200 என நிறைவேறியபோது, ஆதரித்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சியினர், 102 பேர் ஜனநாயகக் கட்சியினர். அப்போதைய அதிபர் கிளிண்டனின் சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியில் 156 பேர் எதிர்த்தார்கள். எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான மிச்சிகனின் டேவிட் போனியர் அக்கட்சியின் கொறடா. கையேட்டில் இந்த எண்கள் தலைகீழாக அச்சாகியிருந்தன. நான் சுட்டிக்காட்டியபோது ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் திருத்தத் தாள் கொடுத்தார். மிச்சிகன், ஒகையோ போன்ற மாநிலங்களின் தொழிற்சாலை ஊர்களில் தேங்கிய மனக்குறை 2016-இல் டிரம்ப், ஜனநாயகக் கட்சியில் வேட்பாளராக முயன்ற சாண்டர்ஸ் இருவருடைய குரலிலும் ஒலித்ததை அவர் விளக்கியவிதம் சிறப்பாக இருந்தது. ஆனால் அந்த மனக்குறை ஜனநாயகக் கட்சிக்குள் இன்று என்ன செய்கிறது என்பதை அவர் தொடவில்லை. மெய்னின் ஜாரெட் கோல்டன் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எல்லா இறக்குமதிக்கும் 10 விழுக்காடு வரி கோரி 2025-இல் மசோதா கொண்டுவந்தார்; வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஷான் ஃபெயின் வாகன வரிகளை வரவேற்றார்; முதல் முறை ஆட்சியில் டிரம்ப் சீனாமீது விதித்த வரிகளில் பெரும்பாலானவற்றை பைடன் நீக்கவில்லை, சீன மின்சார வாகனங்களுக்கு 2024-இல் 100 விழுக்காடாக உயர்த்தவும் செய்தார். பிளவு ஒரு கட்சியில் மட்டும் இருப்பதாக மாணவர்கள் எண்ணிக்கொண்டு வீடு திரும்பியிருந்தால், அது வகுப்பின் பிழையே.

ஆறாம் மாலை 2025-ஆம் ஆண்டைப் பற்றியது. முதல் ஐந்து மாலைகளில் ஆசிரியர் கட்டிய வாதம், வரி என்று வந்தால் உறுப்பினர் கட்சியைவிடத் தன் ஊரையே பார்க்கிறார் என்பது. வரைபடத்தில் ஒட்டிய படங்கள் எல்லாம் அதற்குச் சான்று. ஆனால் 2025-இன் வாக்குப் பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்தால், அந்த வாதம் பாதிதான் நிற்கிறது. சீனா சோயா வாங்குவதைக் குறைத்ததால் அடிபட்ட அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ் மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்கள் அக்டோபர் வாக்கெடுப்புகளில் அதிபரோடுதான் நின்றார்கள். 1909-இல் கட்சியை உடைத்தவை இதே விவசாய மாநிலங்கள்தாம். இடையில் மாறியது என்ன என்று நான் கேட்டேன். "நல்ல கேள்வி, அண்ணா. நேரம் போதவில்லை," என்று சொல்லிவிட்டார் ஆசிரியர்.

என் பதிலை இங்கே சொல்கிறேன். 1909-இல் அயோவாவின் செனட்டர் அவையில் எதிர்த்து நின்று ஒரு பொருளின் வரியைக் குறைக்க முடியும். அதுவே அவருடைய ஆயுதம். இன்று வரிப்பட்டியல் அவையில் எழுதப்படுவதில்லை. தன் விவசாயிக்கு நிவாரணம் வேண்டும் என்றால் அவர் வெள்ளை மாளிகையின் கதவைத்தான் தட்ட வேண்டும். தட்டுகிறவர் வெளிப்படையாக எதிர்த்து வாக்களிக்கத் தயங்குவார். 2018, 2019 ஆண்டுகளில் சீனாவின் பதில்வரியால் நொந்த விவசாயிகளுக்கு ஏறக்குறைய 28 பில்லியன் டாலர் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அது சட்டத்திருத்தத்தால் வரவில்லை, நிர்வாக முடிவால் வந்தது. 2025 நவம்பர் 14 அன்று மாட்டிறைச்சி, காப்பி, வாழைப்பழம், ஆரஞ்சு முதலியவற்றுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டதும் அதிபரின் ஓர் ஆணையால்தான். பத்து நாள்களுக்கு முன்புதான் வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் நடந்த தேர்தல்களில் விலைவாசி பெரிய பேச்சாக இருந்து அவருடைய கட்சி தோற்றிருந்தது. மேற்கு கேப்பிலும் வடக்கு கேப்பிலும் ஆரஞ்சு வளர்ப்பவர்களுக்கு அந்த ஆணை பெரும் நிம்மதி. ஆனால் அதற்காக அமெரிக்கக் காங்கிரசில் ஒருவரும் வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை. கட்சி ஒற்றுமை இன்று ஓரளவு நிற்பது கருத்து ஒன்றானதால் அல்ல. பேரம் பேசும் இடம் மாறிவிட்டதால். அதனோடு, முதற்கட்டத் தேர்தலில் தனக்கு எதிராக அதிபர் இன்னொருவரை நிறுத்திவிடுவார் என்ற அச்சமும் சேர்கிறது. அக்டோபரில் எதிர்த்து வாக்களித்தவர்களில் மெக்கானலும் டில்லிஸும் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஏற்கெனவே அறிவித்தவர்கள் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். வகுப்பு இந்த இடத்தின் வாசல்வரை எங்களை அழைத்துச் சென்று, உள்ளே நுழையாமல் முடிந்தது.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டிய ரசீது கையில் இருந்தும் முதல் நாள் என் பெயர் பட்டியலில் இல்லை. அரை மணி நேரம் வாசலில் நின்றேன். மண்டபம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. மூட்டுவலியுள்ள பெரியவர்கள் இருவர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள், அவர்களுக்குப் பணமும் திரும்பவில்லை. ஒலிப்பதிவு தருவதாகச் சொன்னார்கள், இன்னும் தரவில்லை. கையேட்டின் எழுத்து அளவு மிகச் சிறியது.

கையேட்டின் தமிழைப் பற்றியோ மனமாரப் பாராட்ட வேண்டும். சுங்கவரி, காப்பு வரி, பதில்வரி, தடையிலா வணிகம், ஒதுக்கீட்டு அளவு என்று ஒவ்வொரு சொல்லும் ஒரே பொருளில் தொடக்கம் முதல் இறுதிவரை ஆளப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அந்த ஆண்டின் வாக்குப் பதிவு, மாநிலம் வாரியாகத் தரப்பட்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே படித்து வளர்ந்த என் மகள், அகராதி இல்லாமல் இரண்டு பாடங்களை எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்த ஊரில் தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் பாட்டிலும்தான் உயிரோடு இருக்கிறது. ஒரு வல்லரசின் வரிக்கொள்கையை விவாதிக்கவும் அதே தமிழ் போதும் என்று காட்டிய முயற்சிக்கு நான் நன்றியுடையவன்.

துறைமுகம், ஏற்றுமதி, பழத்தோட்டம் தொடர்பான வேலைகளில் இருப்பவர்களும், கல்லூரியில் அரசியல் படிக்கும் பிள்ளைகளும் தயங்காமல் சேரலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அடுத்த சுற்று 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்றும், மண்டபத்தின் கீழ்த்தளத்தைக் கேட்டிருப்பதாகவும் அறிவித்திருக்கிறார்கள். அவசரநிலைச் சட்டத்தைக் கொண்டு வரி விதிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 5 அன்று விசாரித்தது. வகுப்பு முடிந்தபோது தீர்ப்பு வந்திருக்கவில்லை. தீர்ப்பு வந்த வாரத்தில், இந்தச் சுற்றில் படித்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஒரு மாலை நடத்துவதாக ஆசிரியர் உறுதி கூறியிருக்கிறார். விவசாய மாநிலங்களைப் பற்றிய என் கேள்வியை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மாலைக்கு என் பெயரையும் என் மகளின் பெயரையும் பதிவு செய்திருக்கிறேன்.